பாதிக்குதிரை

முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை. 'வாங்கினேன் சார், ஜன்னல் காத்துல பறந்துடுச்சு', 'கையிலதான் இருந்தது, குழந்தை மென்னு தின்னுடுச்சு' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவன். எவ்வளவு கெஞ்சினாலும் அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவேன். அப்படிப்பட்டவன் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை அவன் வீட்டில் ஐம்பத்தோரு வருஷமாக ஒருத்தரும் நம்பவில்லை என்பது அந்தப் பயணிகளுக்குத் தெரிந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

விஷயம் இதுதான். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி என் கையில் இருந்தபடி வெடித்தது. அண்ணனுடைய இடது காது போயிற்று. நான் விசையைத் தொடவில்லை. அன்றைக்கும் சொன்னேன், அப்பா பெல்ட்டால் அடித்தபோதும் சொன்னேன், என் கல்யாணத்தில் மாமனாரிடம் யாரோ அந்தக் கதையை அவிழ்த்துவிட்டபோதும் சொன்னேன். சொல்லி என்ன? வீட்டில் எனக்கு 'வெடி' என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் வெடிப்பயல், அப்புறம் வெடிச் சித்தப்பா, இப்போது பேரன் பேத்திகளுக்கு வெடித் தாத்தா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே எரியும்.

இந்த வருஷம் அண்ணன் தன் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருப்பது என்று முடிவாயிற்று. அவளுடையது ஒன்பதாவது மாடியில் ஒரு சின்ன வீடு. அலமாரி, தையல் மெஷின், அப்பாவின் சாய்வு நாற்காலி எல்லாம் ஆளுக்கொன்றாகப் போய்விட்டன. துப்பாக்கி மட்டும் நின்றது. உரிமம் அண்ணன் பேரில் இருந்தது. ஒன்று, பழுது பார்க்கிறவரிடம் காட்டிச் சான்று வாங்கி வேறொருவர் பேருக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் காவல் நிலையத்தில் ஒப்படைத்தால் அறுத்து இரும்பாக்கிவிடுவார்கள்.

"அறுக்கட்டும். அதால யாருக்கு என்ன லாபம்?" என்றான் அண்ணன்.

"என் பேருக்கு மாத்து" என்றேன்.

"உன் பேருக்கா? வெடி கையில வெடியா?" என்று அவன் சொன்னதும் வீடே கொல்லென்று சிரித்தது. ஆனால் நான் விடவில்லை. எனக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை, அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்? அந்தத் தொழில் தெரிந்த ஒருத்தர் அதைத் திறந்து பார்த்து, 'இது தானாக வெடிக்கக்கூடியதுதான்' என்று அண்ணன் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் ஒன்பதாவது மாடிக்குப் போவதற்குள் அது நடந்தாக வேண்டும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இரண்டு வாரம் நச்சரித்ததில் அண்ணனும் நகர்ந்தான்.

கடை ஒரு குறுகலான தெருவில், பூட்டுக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருந்தது. இரும்புக் கதவைத் தாண்டினால் இன்னொரு இரும்புக் கதவு. உள்ளே நீளமான மேஜை, அதன்மேல் தோல் விரிப்பு, ஈயத் தகடு வைத்த பிடிகருவி, சுவரில் வரிசையாக அரங்கள். பழுது பார்ப்பவர் ஒரு பெண், ஐம்பதை ஒட்டிய வயது. வெள்ளைக் கோட்டும் கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியுமாக இருப்பதால் தெருவில் அவருக்கு டாக்டரம்மா என்று பெயர். பட்டப்பெயர் சுமப்பவன் என்பதால் எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

அண்ணன் கான்வாஸ் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தான். "காலியாத்தான் இருக்கு" என்று கத்தினான். ஒரு காது மட்டும் கேட்பவன் என்பதால் அவன் பேசினாலே அடுத்த கடை வரைக்கும் கேட்கும்.

"நான் பாக்கிற வரைக்கும் எல்லாமே தோட்டா போட்டதுதான் ஐயா" என்றார் டாக்டரம்மா. நெம்புகோலைத் தள்ளிக் குழலை மடக்கினார், இரண்டு அறைகளிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், பிறகுதான் மூச்சுவிட்டார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. ஆள் நம்முடைய ஜாதி, யார் பேச்சையும் நம்பாத ஜாதி.

துப்பாக்கியை ஐம்பத்தோரு வருஷம் கழித்து அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். குழல்களில் தண்ணீரில் எண்ணெய் விட்டது போன்ற அந்த வரிவரியான கோலம் அப்படியே இருந்தது. பின்பக்கம் இரண்டு சுத்தியல்கள், குதிரை என்று சொல்வோமே, அவை நாய்க்காது மாதிரி நிமிர்ந்து நின்றன. கட்டையில் அப்பாவின் கன்னம் பட்டுப் பட்டு ஓர் இடம் மட்டும் கறுத்திருந்தது. அந்த இடத்தை நான் விரலால் தொட்டேன். அப்பா ஒரு பழத்தோட்டத்துக்கு மேலாளர். பழம் கனியும் காலத்தில் பறவைகளையும் பன்றிகளையும் விரட்டத்தான் துப்பாக்கி. மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துப் பழைய போர்வைமேல் பரப்பி எண்ணெய் போடுவார். அந்த எண்ணெய் வாசனையில் நானும் அண்ணனும் ஆளுக்கொரு துணியோடு குந்தியிருப்போம். வருஷத்தில் அந்த ஒரு நாள் அப்பா எங்களைத் திட்ட மாட்டார்.

டாக்டரம்மா குழல்களைக் கழற்றி அவற்றின் அடியில் இருந்த கொக்கியில் ஒரு விரலை நுழைத்துத் தொங்கவிட்டார். ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டினார். மணி அடித்த மாதிரி நீளமாக ஒரு நாதம் கிளம்பி மெல்ல அடங்கியது.

"ரெண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு விட்டுப்போயிருந்தா ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வரும். இது நல்லா இருக்கு" என்றார்.

அண்ணன் வலது காதைத் திருப்பி, "இன்னொரு தடவை தட்டுங்க" என்றான். அவர் தட்டினார். அவன் கண்ணை மூடிக் கேட்டான். அப்புறம் என்னிடம், "முடியறப்ப ஒரு சின்ன நடுக்கம் வருதாடா?" என்றான்.

"வருது."

"எனக்கு அது கேக்கல" என்றான், சாதாரணமாக. என் முகம் சுண்டிப்போயிற்று.

அவனுக்குக் காது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பதினேழு வயதில் அண்ணன் கப்பலில் வயர்லெஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது கரண்டியால் தட்டில் தட்டுவான், படுத்துக்கொண்டு கட்டில் சட்டத்தில் தட்டுவான். எனக்கும் பாதி எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்திருந்தான். விளக்கை அணைத்த பிறகு 'தூங்கு குரங்கே' என்று கட்டிலில் தட்டி அனுப்புவான், நான் 'நீ குரங்கு' என்று திருப்பி அனுப்புவேன். துப்பாக்கி வெடித்த ஆறாவது மாதம் காது பரிசோதனையில் அவனைத் தள்ளிவிட்டார்கள். காகிதக் கிடங்கில் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தான், அங்கேயே ஓய்வும் பெற்றான். அதற்குப் பிறகு அவன் எதன்மேலும் தட்டியதில்லை.

டாக்டரம்மா குழலுக்குள் விளக்கு விட்டுப் பார்த்தார். உள்ளே அங்கங்கே அம்மைத் தழும்பு போலத் துருப்பள்ளம். சுவரின் கனத்தை ஒரு கருவியால் ஏழெட்டு இடத்தில் அளந்து ஒரு தாளில் எழுதினார். குழலை மறுபடி மாட்டி, இடுக்கில் மெல்லிய காகிதத்தை நுழைத்து இழுத்துப் பார்த்தார். காகிதம் வரவில்லை, மூட்டு அவ்வளவு இறுக்கம்.

"உடம்பு நல்லா இருக்கு. பழைய காலத்து மென்மையான தோட்டாவுக்குச் செஞ்சது. இப்ப வர தோட்டாவ இதுல போடவே கூடாது, அதச் சான்றுலயே எழுதிடுவேன். கடைசியா எப்ப சுட்டீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"அம்பத்தோரு வருஷம் ஆச்சு" என்றான் அவன். "இவன்தான் சுட்டான். என்னை!"

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அண்ணன் கதையைச் சொன்னான். அவனுக்கு அது மனப்பாடம், எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்பது உட்பட. தோட்டத்து வேலி ஓரம். அவன் வலது குழலால் பறவைக் கூட்டத்தை நோக்கிச் சுட்டுவிட்டான். இடது குழலில் தோட்டா பாக்கி. வேலி ஏறுவதற்காக, தூக்கி வைத்திருந்த இடது குதிரையைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கிப் பாதியில் நிறுத்தினான். அதுதான் பாதிக்குதிரை, அந்த நிலையில் துப்பாக்கி பத்திரம். பிறகு துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினான். "இந்தப் பய விசையை இழுத்துட்டான். காதோரமாப் போச்சு ரவை. ஒரு விரக்கடை இந்தப் பக்கம் வந்திருந்தா நான் இன்னிக்கு உங்க கடைக்கு வந்திருக்க மாட்டேன்!"

"நான் தொடல. கட்டையை வேலிப் பலகைமேல வச்சேன், அவ்வளவுதான். இவன் குதிரையைப் பாதியில வைக்கவே இல்ல. முழுசா ஏத்தினபடியே குடுத்துட்டு, அப்பாவுக்குப் பயந்து பாதின்னு சொல்லிட்டான்" என்றேன்.

இதுதான் என் தீர்ப்பு. பன்னிரண்டு வயதில் கொடுத்தது. ஒரு நாளும் மறுபரிசீலனை செய்ததில்லை. வேலி ஓரத்தில் அவன் விரலிடுக்கில் ரத்தம் வழிய உட்கார்ந்து, 'என்னடா சொல்றே, கேக்கலையே' என்று திரும்பத் திரும்பக் கேட்டதையும் மறந்ததில்லை, இந்தத் தீர்ப்பையும் மாற்றியதில்லை.

"பாதியிலதான் வச்சேன்!" என்று அண்ணன் மேஜையைத் தட்டினான்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. குதிரை பாதியில இருந்தா விசையை இழுத்தாலும் விழாது. இழுக்கவே வராது. அதுக்காகத்தான் அந்தப் பாதி. அப்படின்னா நீங்க சொல்ற ரெண்டும் சேர்ந்து நடந்திருக்க முடியாது. பாதியில வச்சது நிஜம்னா தம்பி இழுத்து வெடிச்சிருக்காது. தம்பி இழுத்துதான் வெடிச்சதுன்னா நீங்க பாதியில வைக்கல."

அண்ணனுக்கு இது தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் தெரியாது. ஐம்பத்தோரு வருஷம் ஒரு கதையைப் பிடித்து இழுத்த இரண்டு பேரில் ஒருவனுக்கும் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அப்பா அன்றைக்கே அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாகிற வரைக்கும் திறக்கவில்லை. அவருக்குப் பிறகு அண்ணனும் அப்படியே விட்டான்.

"பாத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

இடது பக்கம் பழைய எண்ணெய் கோந்தாக உறைந்து குதிரை அசைய மறுத்தது. கரைக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். அண்ணன் குடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் குதிரை அசைந்தது. மருந்தும் ரவையும் இல்லாத, அடியில் தீப்பற்றும் பொட்டு மட்டும் வைத்த காலித் தோட்டா இரண்டை எடுத்து இரண்டு குழலிலும் போட்டார். குழல் முனையை ஒரு மணல் பெட்டிக்குள் நுழைத்தார். முதலில் வலது குதிரையைப் பாதியில் நிறுத்தி, விசையை இழுத்தார். அசையவில்லை. துப்பாக்கிக் கட்டையின் அடியில் ரப்பர் சுத்தியலால் பத்து அடி அடித்தார். குதிரை கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பிறகு இடது. பாதியில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். நின்றது. பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. விசைப் பக்கம் அவர் விரலே போகவில்லை. ரப்பர் சுத்தியலால் ஓர் அடி. ஒன்றுமில்லை. இரண்டாவது அடி.

டப் என்று வெடித்தது. சின்ன அறை என்பதால் சுவரில் இருந்த அரங்களெல்லாம் கிணுகிணுத்தன. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், அந்த வாசனையும் தெரியும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, வெட்கமில்லாமல் நின்றேன்.

அண்ணன் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்க தொடலடா" என்றான். அவனுக்கு அது மெல்லப் பேசியதாக நினைப்பு, ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அவங்க விசையத் தொடவே இல்ல!"

"நானும் தொடல" என்றேன்.

அவன் எழுந்து வந்தான். அறுபத்தெட்டு வயது ஆள், என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். "தப்புப் பண்ணிட்டேன்டா. அப்பா உன்னை அடிக்கிறப்ப நான் பாத்துக்கிட்டு இருந்தேன். காது வலியில, நல்லா வாங்கட்டும்னு கூட நெனச்சேன். எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். என்னை மன்னிச்சிடு" என்றான். வெடி என்று கூப்பிடாமல், பள்ளிக்கூடத்தில் எழுதிய என் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. பன்னிரண்டு வயதிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த சொல் அத்தனையும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அத்தோடு எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் என் கதை சுபம்.

டாக்டரம்மா விடுகிற ஆளில்லை. குதிரை பொருத்திய இரண்டு பக்கத்துத் தகடுகளையும் கழற்றி, உள்ளேயிருந்த உருளைகளை எடுத்துக் கழுவி, வெள்ளைத் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குதிரையோடு சேர்ந்து சுழலும் காசளவு இரும்பு அது. விளிம்பில் இரண்டு வெட்டு இருக்கும், ஒரு கொக்கி வந்து அதில் மாட்டினால் குதிரை நிற்கும். பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"வலது பக்கத்துல பாருங்க. பாதி வெட்டு மேல சின்னதா ஒரு உதடு நீட்டிக்கிட்டிருக்கா? கொக்கி அதுக்கு அடியில போய்ப் பதுங்கிக்கும். இடிச்சாலும் வராது, இழுத்தாலும் வராது. இப்ப இடது பக்கம் பாருங்க. உதடே இல்ல. தேய்மானம் இல்ல இது, யாரோ ஊசி அரத்தால சீவி எடுத்திருக்காங்க. அரம் போன கோடு கூட இருக்கு. தொழில் தெரிஞ்சவன் செய்ய மாட்டான். இத ஒரு பிசிறுன்னு நெனச்சிருக்கான், பாவம்."

நான் கண்ணாடியில் குனிந்தேன். கோணல்மாணலாக நாலைந்து கோடுகள் தெரிந்தன.

அந்தக் கோடுகள் என்னுடையவை.

மறந்தே போயிருந்தேன். சத்தியமாக மறந்திருந்தேன். கண்ணாடிக்குள் அதைப் பார்த்த நொடியில் எல்லாம் வந்துவிட்டது. அந்த வருஷத்து எண்ணெய் ஞாயிறு. தகடுகளைக் கழற்றிப் போர்வைமேல் வைத்த நேரத்தில் யாரோ கூப்பிட்டு அப்பா தோட்டத்துக்குப் போனார், அண்ணன் படிக்கப் போய்விட்டான். நான் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பளபளவென்று துடைத்தேன். இடது பக்கத்து உருளையின் விளிம்பில் நகக்கண்ணில் தோல் உரிந்தது மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டு நின்றது. செய்தவன் அவசரத்தில் விட்ட பிசிறு என்று நினைத்தேன். அப்பாவின் பெட்டியிலிருந்து ஊசி அரத்தை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வழுவழுவென்று ஆகும்வரை சீவினேன். வலது பக்கத்தையும் சீவியிருப்பேன், அதற்குள் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, "பரவாயில்லையே, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டியே" என்றார். அப்பா என்னைப் பாராட்டியது மொத்தம் மூன்று தடவையோ நான்கு தடவையோ. அதில் அது ஒன்று.

"யாரோட வேலை இது?" என்றார் டாக்டரம்மா.

"எங்க அப்பாவாத்தான் இருக்கும்" என்றான் அண்ணன். "கை சும்மா இருக்காது அவருக்கு. ஆனைக்கும் அடி சறுக்கும், என்ன பண்றது. அதான் அதுக்கப்புறம் அத வெளியவே எடுக்கலையோ என்னவோ. பாவம் மனுஷன், தெரிஞ்சே மனசுக்குள்ள வச்சிருந்திருக்கார்."

நான் பூதக்கண்ணாடியை டாக்டரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

டாக்டரம்மா, உதடு இருந்த இடத்தில் புது இரும்பைப் பற்றவைத்து, வலது பக்கத்தைப் பார்த்து அதே அளவுக்குச் சீவி, சூடேற்றிக் கடினப்படுத்தித் தருவதாகச் சொன்னார். பத்து நாள் ஆகும். எந்தப் பேருக்குச் சான்று என்று கேட்டார். அண்ணன் என் பெயரைச் சொல்லி, எழுத்து எழுத்தாக உச்சரித்தான். வேண்டிய படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள் என்று அவர் சொன்னதால் வெளியே வந்தோம்.

ஜெராக்ஸ் கடையில் கூட்டம். வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் நல்ல உற்சாகத்தில் இருந்தான். பொண்ணுகிட்ட இன்னிக்கே சொல்லணும், மாப்பிள்ளைகிட்ட சொல்லணும், இனிமே எவனாவது வெடின்னு கூப்பிட்டா பல்லைக் கழட்டிடுவேன் என்றெல்லாம் பேசினான். ஒவ்வொன்றும் எனக்கு ஊசியாக இறங்கியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதை நான் எத்தனை பயணிகள் முகத்தில் பார்த்திருக்கிறேன்! டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பான். நான் தெருவை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்பா போய் இருபது வருஷமாகிவிட்டது. பழி சுமக்க அவருக்கு இனி முதுகு கிடையாது. விசையை நான் தொடவில்லை என்பதும் உண்மைதானே? பத்து நிமிஷம் இப்படி வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். என் வாதத்தை நானே நம்பவில்லை.

"அண்ணே."

"என்னடா?"

"அப்பா இல்ல. நான்தான் சீவினேன்."

அவனுக்குக் கேட்டுவிட்டது. ஆனாலும் வலது காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். முழுவதையும் சொன்னேன், போர்வை, ஊசி அரம், அப்பா பாராட்டியது வரைக்கும். அவன் கப்பலை நான்தான் கவிழ்த்தேன் என்பதை என் வாயாலேயே சொல்லி முடித்தேன்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, "அரை மணி நேரம் முன்னாடிதான்டா உன்கிட்ட மன்னிப்பு கேட்டேன்" என்றான்.

"தெரியும்."

"அதத் திருப்பிக் குடு."

"எடுத்துக்கோ."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோபம் வந்தது, அதையும் பார்த்தேன், கழுத்து நரம்பு புடைத்தது. "பன்னெண்டு வயசுப் பய, என்ன தெரியும் உனக்கு. சரி. அத விடு. ஆனா இப்ப எதுக்குச் சொன்னே? நான் கேட்டேனா? ஒன்பதாவது மாடிக்கு நிம்மதியாப் போயிருப்பேனே. சொல்லாம இருந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷம் நீ என்னை நம்பல. அதனால உனக்கு நான் எந்தக் கடனும் படலன்னு இருந்தேன். இன்னிக்குத்தான் நம்பினே. நம்பினவன்கிட்ட எப்படிண்ணே மறைக்கிறது?"

அண்ணன் தலையாட்டினான். தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"நான் குதிரையைப் பாதியில வச்சுத்தான் உன்கிட்ட குடுத்தேன். பதினேழு வயசுல, ரத்தம் வடிய வடிய, அப்பாகிட்ட அதத்தான் சொன்னேன். பொய் சொல்லல. இத நீ என்னிக்காவது நம்பினியாடா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே அந்தத் துப்பாக்கி என்னுடைய சொல்லுக்கு மட்டும் சாட்சி சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய சொல்லுக்கும் அதுவேதான் சாட்சி. அது எனக்கு உறைக்கவே இல்லை. காதையும் கப்பலையும் இழந்த ஒருத்தனை, தம்பியாக ஒரே வீட்டில் வளர்ந்தவன், பொய்யன் என்று முடிவுகட்டி ஐம்பத்தோரு வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். என்னை யாரும் நம்பவில்லை என்று அழுத நேரமெல்லாம் நானும் அவனுக்கு அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

"இல்லண்ணே" என்றேன். "ஒரு நாளும் நம்பல."

அவன் இன்னும் என் பக்கம் திரும்பவில்லை.

"இப்ப?"

"இப்ப நம்பறேன்."

"சத்தமாச் சொல்லு" என்றான்.

சொன்னேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.